சந்தோஷத் தீவில் பாட்டிக்கு இடம் உண்டா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பீர்க்கன்கரணையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ‘இந்த வருஷம் எங்கே?’ ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். மூணாறு போன வருஷமே போயாச்சு. குற்றாலத்தில் இப்போது தண்ணீர் கிடையாது. பட்டியல் இப்படித் தேய்ந்துகொண்டே வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் செல்போனை நீட்டுவார். நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரங்கள், பின்னணியில் ஒரு ரோலர் கோஸ்டர். சிங்கப்பூரின் செந்தோசா தீவு.

தூரம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே ஏர்போர்ட். அங்கிருந்து நாலு மணி நேரச் சொச்சம். செலவுதான் விஷயம். ஐந்து பேர் போய் வருவதென்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது இரண்டு மூன்று வருடச் சேமிப்பு. எங்கேயோ ஒரு சீட்டை எடுக்க வேண்டும், அல்லது ஒரு ஆர்.டி.யை உடைக்க வேண்டும். அவ்வளவு கொடுத்துப் போகிற இடம் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்குமா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

அந்த ஐந்து பேர் யார்? அப்பா, அம்மா, ஒன்பதாவது முடித்த மகள், இரண்டாவது முடித்த மகன், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. தாம்பரம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அந்தப் பாட்டி என்ன சொல்வார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கெதுக்குப்பா ஃப்ளைட்டு? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.”

“அத்தை, உங்களுக்கும் சேர்த்துத்தான் பாஸ்போர்ட் எடுத்திருக்கோம். சும்மா இருங்க” என்பார் மருமகள்.

பாட்டி கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்பார்: “அங்க உட்கார இடம் இருக்குமா?”

சின்னக் கேள்விதான். ஆனால் தீம் பார்க் கம்பெனி நடத்தும் தீவு ஒரு குடும்பத்துக்கு ஏற்றதா என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

பேரிலேயே இருக்கிறது சந்தோஷம்

செந்தோசா என்பது மலாய்ச் சொல். அமைதி என்று பொருள். அதன் வேர் நமக்கும் தெரிந்த சமஸ்கிருதச் சொல்தான்: சந்தோஷம். இந்தப் பெயர் வந்தது 1970-களின் தொடக்கத்தில். அதற்கு முன்பு இந்தத் தீவின் பெயரைச் சொன்னால் யாரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். ‘புலாவ் பிளாக்கங் மாத்தி’. மாத்தி என்றால் மலாயில் மரணம். பிரிட்டிஷ்காரர்கள் பீரங்கி நிறுத்தி வைத்திருந்த ராணுவத் தீவு அது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிறகு போர்க் கைதிகளை அடைத்து வைத்த இடம்.

பிரிட்டிஷ் ராணுவம் கிளம்பிய பிறகு சிங்கப்பூர் அரசு இதை விடுமுறைத் தீவாக மாற்ற முடிவு செய்தது. 1972-ல் அதற்கென்றே ஒரு கழகம் அமைத்தார்கள். 1974-ல் கேபிள் கார் வந்தது. கடற்கரைகளுக்கு வெளிநாட்டிலிருந்து மணல் வாங்கி வந்து கொட்டினார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் தேனிலவுக்குப் போனவர்களின் ஆல்பத்தில் 37 மீட்டர் உயர மெர்லயன் சிலை கட்டாயம் இருக்கும். இப்போது போனால் அதைத் தேடாதீர்கள். 2019-ல் மூடி, இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் ‘சென்சரிஸ்கேப்’ என்ற அகலமான நடைபாதை வந்திருக்கிறது.

தீம் பார்க் வந்தது 2010-ல். மலேசிய மலை உச்சியில் 1965-ல் தொழிலைத் தொடங்கிய கெந்திங் குழுமம், செந்தோசாவில் 49 ஹெக்டேரில் ‘ரிசார்ட்ஸ் வேர்ல்ட்’ என்ற வளாகத்தைக் கட்டியது. யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா, தண்ணீர்ப் பூங்கா, மீன் காட்சியகம், ஓட்டல்கள் எல்லாம் ஒரே இடத்தில். கூடவே ஒரு சூதாட்ட விடுதியும் உண்டு. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. உள்ளூர்க்காரர்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும் என்று அரசே சட்டம் போட்டிருக்கிறது. நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. சொந்த மக்களைத் தடுக்க வேலி போட்டிருக்கும் இடத்தில் விருந்தாளிக்கு மட்டும் வாசல் திறந்திருந்தால் அதன் அர்த்தம் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ‘சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வரேன்’ என்று கிளம்பும் குடும்பத் தலைவரைக் கையைப் பிடித்து நிறுத்துவது வீட்டம்மாவின் பொறுப்பு.

வெயிலும் தென்னையும் யாருக்கு விற்பனைக்கு?

‘வெப்பமண்டலத் தீவு’ என்ற சொல் யாரை மயக்கும்? ஆறு மாதம் பனியில் கிடப்பவரை மயக்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் ஜனவரி மாதம் ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடப்பவருக்கு ஒரு தென்னை மரத்தின் படம் போதும், டிக்கெட் போட்டுவிடுவார். பீர்க்கன்கரணைக்காரருக்கு அப்படியா? கொல்லைப்புறத்திலேயே தென்னை நிற்கிறது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டருக்குள் கோவளம் கடல்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடம் முழுக்க 31, 32 டிகிரி. புழுக்கம் நம் ஊரைப் போலத்தான். மத்தியானத்தில் திடீரென்று இடி மழை கொட்டும். அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு ஆறுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் நம் குடும்பங்களை அங்கே இழுப்பது எது? போய் வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசும்போது கவனித்தால் தெரியும். ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வார்கள். அம்மாக்கள் சொல்வது வேறு. “பீச்சுல கூட டாய்லெட் அவ்வளவு சுத்தம்.” “ராத்திரி ஒன்பதரைக்கு நானும் பொண்ணும் மட்டும் நடந்து வந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கல.” “பையன் தண்ணில இறங்கினான், எனக்குப் பயமே வரல.”

கடைசியாகச் சொன்னது முக்கியம். நம் கிழக்குக் கடற்கரையில் அலை வேகமாக அடிக்கும், அடியில் நீரோட்டம் இழுக்கும். மெரினாவிலும் கோவளம் பக்கத்திலும் கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வருடம் இல்லை. அதனால் கடலைப் பார்த்ததும் நம் அம்மாக்களுக்கு ஆசைக்கு முன்னால் பயம் வருகிறது. செந்தோசாவின் சிலோசோ, பலாவான், தஞ்சோங் கடற்கரைகளில் அலையைத் தடுத்துக் குளம் போல ஆக்கி வைத்திருக்கிறார்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். எதிரே வரிசையாகச் சரக்குக் கப்பல்கள் நிற்கும். படத்தில் பார்த்த மாலத்தீவு அழகு இருக்காது. ஆனால் ஏழு வயதுப் பையனை இடுப்பளவுத் தண்ணீரில் விட்டுவிட்டு அம்மா கரையில் நிம்மதியாகக் கால் நீட்டலாம். காசு கொடுத்து நம் குடும்பங்கள் அங்கே வாங்குவது இந்த நிம்மதியைத்தான்.

கடல் எப்போதும் மனிதன் சொன்னபடி கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. செந்தோசா மணல் கறுத்துப் போனது. கடலில் இறங்கக் கூடாது என்ற தடை எல்லாக் கடற்கரைகளிலும் நீங்க செப்டம்பர் ஆனது. அந்தக் கோடையில் பிள்ளைகளோடு போனவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

கேட்டுக்கு உள்ளே: அளவு நாடாவும் காத்திருப்பும்

இப்போது யூனிவர்சல் ஸ்டுடியோஸ் வாசலுக்கு வருவோம். நம் ஐவரும் டிக்கெட் எடுத்தாயிற்று. உள்ளே நுழைந்ததும் சுழலும் பெரிய உலக உருண்டைக்கு முன்னால் ஒரு குடும்பப் படம். அதோடு சரி. அதற்குப் பிறகு குடும்பம் பிரியத் தொடங்கும்.

காரணம், உயரம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. இருக்க வேண்டும். மம்மி படத்தை வைத்துச் செய்த இருட்டு ரைடுக்கு 122 செ.மீ. இரண்டாவது முடித்த பையன் பெரும்பாலும் 118, 120-ல் நிற்பான். ஊரில் ஆறு மாதமாக யூடியூபில் பார்த்துக் கனவு கண்ட ரைடு, இரண்டு விரற்கடையில் தவறிப் போகும். வாசலில் அளவுகோலை வைத்து அளந்து ‘சாரி’ என்று சொல்லும் அந்த நிமிடத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அக்கா மட்டும் உள்ளே போவாள். அவளோடு அப்பா போவார். அம்மா பையனைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம் கடைக்குப் போவார். பாட்டி நிழலில் ஒரு பெஞ்சைத் தேடுவார்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. போதும். ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கு 107. அவற்றில் பையன் ஏறலாம். 2025 பிப்ரவரியில் திறந்த ‘மினியன் லேண்ட்’ அவன் வயதுக்காரர்களை மனதில் வைத்தே கட்டியது. ஆனால் எதற்கும் வரிசை உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதம் விடுமுறை. நம் விடுமுறையின் கடைசி வாரமும் அங்கே விடுமுறையின் முதல் வாரமும் ஒன்றாக வந்து விழும். பெரிய ரைடுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, சில நிமிடம் ஓட்டிவிட்டு இறங்குவது சகஜம். வரிசையில் நிற்காமல் போக இன்னொரு டிக்கெட் விற்கிறார்கள். அது தனிக் காசு.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஒரு உண்மை தெரியும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து சிரித்தது எத்தனை நிமிடம்? சாப்பாட்டு மேஜையைச் சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரம் தேறாது. மகளுக்கு அது மறக்க முடியாத நாள். பையனுக்கு முக்கால் நாள். அப்பா அம்மாவுக்குக் கால் வலி. பாட்டிக்கு ஒரு பெஞ்ச்.

பெஞ்சில் பிறந்த யோசனை

வேடிக்கை என்னவென்றால், தீம் பார்க் என்ற யோசனை பிறந்ததே ஒரு பெஞ்சில்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்றொரு பூங்கா. வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களையும் சனிக்கிழமைகளில் அங்கே அழைத்துப் போவார். அவர்கள் குடை ராட்டினத்தில் சுற்ற, அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடும்படி ஒரு இடம் இருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தது. பெஞ்சை ஒழிக்கக் கிளம்பிய தொழில், எழுபது வருடத்தில் பெஞ்சுக்குப் பாட்டியை அனுப்பி வைத்திருக்கிறது.

டிஸ்னி கம்பெனிக்கே இது புரிந்திருக்க வேண்டும். 2011 ஆகஸ்டில் ஹவாயின் ஓவாஹு தீவில், கடற்கரையை ஒட்டி ‘அவுலானி’ என்ற ரிசார்ட்டைத் திறந்தார்கள். அங்கே ரோலர் கோஸ்டர் ஒன்றுகூட இல்லை. தீம் பார்க்கே இல்லை. மெதுவாக மிதந்து போகும் ஒரு செயற்கை ஆறு, சறுக்கு மரங்கள், கடல், அவ்வளவுதான். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘ஆன்ட்டியின் கடற்கரை வீடு’. சாயங்காலம் தீ மூட்டி, சுற்றி உட்கார வைத்து, ஒரு ‘அங்கிள்’ ஹவாய்க் கதைகளைச் சொல்வார். ஹவாயில் பெரியவர்களை முன்பின் தெரியாவிட்டாலும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைப்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரை அக்கா, அண்ணே என்று கூப்பிடும் நம் ஊருக்கு இது புதிதா என்ன?

அமெரிக்கக் குடும்பங்களிலேயே இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. டிஸ்னி என்றால் ரைடு என்று நினைத்துப் போகும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். பக்கத்தில் உள்ள மற்ற ஓட்டல்களைவிட ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அப்பாக்களுக்குக் கேள்வி. ஆனால் தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு அது பிடித்துப்போகிறது. எல்லோரும் ஒரே தண்ணீரில், ஒரே நிழலில், ஒரே கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம் என்பதால். உலகத்தின் பெரிய தீம் பார்க் கம்பெனி ஒரு தீவில் போய் இறங்கியபோது தீம் பார்க்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நம் பாட்டியின் கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே: காசில்லாத செந்தோசா

மீதிப் பாதி, செந்தோசாவிலேயே இருக்கிறது. தீம் பார்க் கேட்டுக்கு வெளியே.

சிங்கப்பூரின் விவோசிட்டி மாலிலிருந்து தீவுக்கு மோனோ ரயில் போகிறது. ஒருவருக்கு 4 டாலர். நடைபாலத்தில் நடந்தே போனால் ஒரு காசும் இல்லை. தீவுக்குள் நுழைந்த பிறகு மோனோ ரயில், பஸ், கடற்கரையோரம் ஓடும் டிராம் எல்லாமே இலவசம். முழங்கால் வலிக்காரருக்கு இந்த டிராம் ஒரு வரம். ஏறி உட்கார்ந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே மூன்று கடற்கரைகளையும் சுற்றி வரலாம்.

பழைய பீரங்கிக் கோட்டையான ஃபோர்ட் சிலோசோவுக்கும் டிக்கெட் இல்லை. அதற்குப் போக மர உச்சிகளுக்கு மேலே, பதினோரு மாடி உயரத்தில் 181 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏற லிஃப்ட் உண்டு. ஒன்பதாவது முடித்த மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் வந்த இரண்டாம் உலகப் போரை அங்கே கண்ணால் காட்டலாம். பலாவான் கடற்கரையில் ஒரு தொங்கு பாலம். அதைக் கடந்தால், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி என்று பலகை வைத்த ஒரு குட்டித் திட்டு. பையன் அந்தப் பாலத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடலாம். உயரம் யாரும் அளக்க மாட்டார்கள்.

காசு கொடுத்து உள்ளே போவதிலும் எல்லோருக்கும் ஒத்துப்போகும் ஒன்று இருக்கிறது. மீன் காட்சியகம். 2025 ஜூலையில் முன்பு இருந்ததைவிட மூன்று மடங்கு பெரிதாக்கி, ‘சிங்கப்பூர் ஓஷனேரியம்’ என்று பெயர் மாற்றித் திறந்திருக்கிறார்கள். ஏ.சி. உண்டு, குலுக்கல் இல்லை. பெரிய கண்ணாடிக்கு முன்னால் பாட்டியும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருக்கை போவதைப் பார்க்கலாம். ‘இதை எங்க ஊர்ல குழம்பு வைப்போம்’ என்று பாட்டி சொல்வார். பேரன் சிரிப்பான். தீம் பார்க்கில் நாள் பூராவும் கிடைக்காத நிமிடம் அது.

எப்படித் திட்டமிடலாம்?

ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஓட்டலிலேயே மூன்று நாள் தங்கும் பேக்கேஜைக் கண்டு மயங்க வேண்டாம். புதுமணத் தம்பதிக்கு அது சரி. ஐந்து பேருக்கு இரண்டு அறை, மூன்று வேளை ரிசார்ட் சாப்பாடு என்று கணக்குப் போட்டால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் அறை எடுங்கள். காலையில் இட்லி, காபி கிடைக்கும். 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் அங்கேதான். வீரமாகாளியம்மன் கோயில் நடக்கிற தூரம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பலகைகளில் தமிழைப் பார்த்ததும் பாட்டிக்குப் பாதிப் பயம் போய்விடும். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் எம்.ஆர்.டி. ஊதா நிற ரயிலில் ஏறினால், மாறாமல் கொள்ளாமல் கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃப்ரன்ட். அதன் மேலேயே விவோசிட்டி மால்.

செந்தோசாவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் யூனிவர்சலுக்கு. அப்பாவும் மகளும் மட்டும் போகட்டும். பையன் உயரம் தொட்டிருந்தால் அவனும். அந்த நாளில் அம்மாவும் பாட்டியும் தேக்கா மார்க்கெட், கோயில், முஸ்தபா கடை என்று அவர்கள் இஷ்டத்துக்குச் சுற்றலாம். மூன்று டிக்கெட் மிச்சம். இரண்டாவது நாள் ஐவரும் சேர்ந்து தீவுக்கு. காலையில் கோட்டை, வெயில் ஏறியதும் ஓஷனேரியம், நாலு மணிக்கு மேல் கடற்கரை. பிரிந்து மகிழ ஒரு நாள், சேர்ந்து மகிழ ஒரு நாள்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா தேவை. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் விண்ணப்பிக்க முடியும். அவர் சேவைக் கட்டணம் தனி. இறங்குவதற்கு மூன்று நாளைக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் காசே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய உலவுகின்றன. உஷார்.

பாஸ்போர்ட் இல்லாத கோடை

இத்தனையும் படித்துவிட்டு, ‘இந்த வருஷம் நமக்கு இது முடியாது’ என்று செல்போனைக் கீழே வைக்கும் வீடுகள்தான் அதிகம். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தென் சென்னைப் புறநகருக்குத் தீம் பார்க் புதிதல்ல. இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன், 1995-ல் தாம்பரம் பக்கத்திலேயே கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். ஈ.சி.ஆரில் வி.ஜி.பி.யின் அசையாத சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்காத பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறையில் கிடையாது.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. சுமார் 64 ஏக்கர், 43 ரைடு. திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயில் தொடங்கியது. வண்டலூர் கேளம்பாக்கம் சாலை வழியாகப் பீர்க்கன்கரணையிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். ரோலர் கோஸ்டருக்காக மட்டும் சிங்கப்பூர் போக நினைத்திருந்தால், அந்த ஆசையின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பாட்டிக்கு? பக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா. 602 ஹெக்டேர். பேட்டரி வண்டி உண்டு, மர நிழல் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளித்துவிட்டு உடம்பைக் கழுவ இடம், உயிர்காப்பாளர், சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாதை எல்லாம் இருந்தால்தான் அந்தக் கொடி. உலகத் தரம் என்று சொல்வது கடைசியில் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களைத்தான். செந்தோசாவிலிருந்து நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டியதும் இவைதான். ஒவ்வொரு கடற்கரையிலும், ஒவ்வொரு ஏரிக்கரைப் பூங்காவிலும் ஒரு சுத்தமான கழிப்பறை, ஒரு நிழல், இருட்டிய பிறகும் எரிகிற விளக்கு. இருந்துவிட்டால் பாதிக் குடும்பங்களுக்கு விசாவே வேண்டியிருக்காது.

செந்தோசா குடும்பங்களுக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்கும். தீவு எல்லோருக்கும் பிடிக்கும். பூங்கா 125 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவர்களுக்கும் முழங்கால் வலிக்காதவர்களுக்கும் பிடிக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. எனவே ஏஜென்டுக்கு போன் போடுவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. பையனை நிலைக்கதவோடு ஒட்டி நிற்க வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பை வைத்து அளந்து பாருங்கள். பிறகு பாட்டியிடம் போய், ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேளுங்கள். ‘நான் நல்லாத்தான் நடப்பேன்’ என்பார். அதில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.